நாலு விரற்கடை

சங்கப் புலவர் ஒருவரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. நற்றிணையின் 284ஆம் பாட்டு அவருடையது. பொருள் தேடிப் போன தலைவனை நெஞ்சு வீட்டுக்குத் திரும்பச் சொல்கிறது, அறிவு வேலையை முடிக்கச் சொல்கிறது. நடுவில் கிடந்து நையும் அவன் உடம்புக்கு, இரண்டு யானைகள் ஆளுக்கொரு பக்கம் பற்றி இழுக்கும் பழைய கயிற்றை அவர் உவமை சொன்னார். அந்த உவமையே அவருக்குப் பெயராக நின்றுவிட்டது: தேய்புரிப் பழங்கயிற்றினார்.

இந்தப் பாட்டைப் பாடம் எடுக்கும்போதெல்லாம் மாணவிகள் யானைகளிடம் நின்றுவிடுவார்கள். எந்த யானை நெஞ்சு, எந்த யானை அறிவு என்று எழுதிக்கொள்வார்கள். தேர்வுக்கு அது போதும். சில ஆண்டுகளாக நான் அவர்களைக் கயிற்றின் பக்கம் திருப்புகிறேன். கயிறு ஒரேயடியாகத் தேய்வதில்லை, புரி புரியாகத்தான் தேயும். 'தேய்புரி' என்று ஒருவர் சொல்ல வேண்டுமானால் அந்தக் கயிற்றுக்குக் கிட்டத்தில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு அந்தச் சொல்லின் பொருள் எந்த உரையிலும் விளங்கவில்லை. அதைக் கையில் பிடித்துக் காட்டியவர் என் மதினி.

மதினி என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவி. சாத்தூருக்குக் கிழக்கே வைப்பாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் இருக்கிறார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்று, கல்யாணம் ஆகும்வரை தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவர். அண்ணன் ஆறு வருடத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டான். அவன் விட்டுப் போனவை இரண்டு பிள்ளைகள், பாதி அடைந்த கடன், ஒரு கிணறு வெட்டும் கிரேன்.

கிரேன் என்றதும் நகரத்து மாணவிகளுக்கு அடுக்குமாடி கட்டும் உயரமான இயந்திரம் நினைவுக்கு வரலாம். கரிசல் காட்டில் கிரேன் என்பது கிணற்று மேட்டில் நிற்கும் ஓர் இரும்புச் சட்டம். ஒரு டீசல் எஞ்சின், ரோப்பு சுற்றிக்கொள்ளும் டிரம், கிளட்ச், பிரேக், பக்கவாட்டில் திரும்பும் ஒரு கை, கையின் நுனியில் கப்பி. கப்பி வழியாகக் கிணற்றுக்குள் இறங்கும் இரும்பு ரோப்பின் முனையில் தொட்டி தொங்கும். மேலே கறுப்பு மண், அதன் கீழே சுக்கான், அதற்கும் கீழே பாறை என்று போகிற பூமி இது. பாறையில் துளை போட்டு, மருந்து வைத்து உடைத்து, உடைந்த கல்லைத் தொட்டியில் அள்ளிப்போட்டு மேலே ஏற்ற வேண்டும். தண்ணீர் அடியில் போய்விட்ட சித்திரை, வைகாசிதான் அதற்குப் பருவம். 60, 70 அடிக் கிணற்றை இன்னும் 10 அடி இறக்குவார்கள். கல் ஏறுகிற அதே தொட்டியில்தான் ஆட்களும் ஏறி இறங்குவார்கள். அந்த நேரத்தில் தொட்டிக்குள் நிற்பவரைத் தாங்குவது விரல் தடிமனுள்ள அந்த ஒற்றை ரோப்புதான்.

கிரேனை விற்றுவிடச் சொல்லாத சொந்தக்காரர்கள் இல்லை. பொம்பளை கிணற்று மேட்டில் போய் நின்றால் ஊற்று அடைத்துக்கொள்ளும் என்றார்கள் சிலர். "கயிறு போனவளுக்கு ரோப்பு எதுக்கு?" என்று ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டாள். மதினி அவளுக்குப் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் டிபன் தூக்கோடு கிணற்று மேட்டுக்குப் போனார். அன்றிலிருந்து வேலை நடக்கிற நாட்களில் அங்கேதான் இருக்கிறார்.

போன வருடம் பங்குனியில், பருவம் தொடங்குவதற்கு முன், ரோப்பு மாற்ற வேண்டுமா என்ற பேச்சு வந்தது. ஆபரேட்டர் அனுபவசாலி. "இன்னும் ஒரு சீசன் தாங்கும்க்கா" என்றார். மதினி வீட்டுக்குள் போய்க் கிழிந்த நூல் சேலை ஒன்றிலிருந்து முழ அகலத்துக்கு ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு வந்தார். தோல் கையுறை போட்ட கையில் அந்தத் துணியை வைத்து ரோப்பை மூடிப் பிடித்துக்கொண்டு, டிரம்மிலிருந்து மெதுவாக இறக்கச் சொன்னார். ரோப்பு துணிக்குள் வழுக்கிக்கொண்டே போனது. ஓரிடத்தில் துணி வெடுக்கென்று மாட்டிக்கொண்டது. நிறுத்தச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தார். அறுந்த கம்பி ஒன்று முள்ளைப் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வெறும் கையாக இருந்திருந்தால் சதையைக் கிழித்திருக்கும். சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். இப்படி ரோப்பு முழுவதும்.

கோடுகள் ஒரே இடத்தில் நெருங்கி நின்றன. தொட்டி கிணற்றின் அடியிலிருந்து கிளம்பும்போது கப்பியின் மேல் கிடக்கும் பகுதி அது.

அன்று நான் அங்கே இருந்தேன். என் பையில் ரோப்பு செய்யும் கம்பெனி ஒன்றின் கையேடு இருந்தது, ஆங்கிலத்தில். அதைப் படித்துத் தமிழில் சொல்லத்தான் மதினி என்னை வரச்சொல்லியிருந்தார். முனைவர் பட்டம் வாங்கி இத்தனை வருடத்தில் என் படிப்புக்கு வந்த மிகக் கறாரான தேர்வு அதுதான். ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் கையில் உள்ள ஒரு பொருளைக் காட்டியாக வேண்டும். பல மெல்லிய கம்பிகள் சேர்ந்து முறுக்கியதை எப்படிச் சொல்ல? 'புரி' என்றேன். "ஆமா, புரிதான்" என்றார், நான் ஏதோ தெரிந்த விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னதுபோல. எங்கள் பாட்டி காலத்தில் கமலைக்கு நார் வடம் திரித்தவர்களும் புரி என்றுதானே சொல்லியிருப்பார்கள்.

கையேடு சொன்னது இது: அந்த ரோப்பில் 6 புரிகள், ஒவ்வொரு புரியிலும் 19 கம்பிகள், ஆக 114 கம்பிகள். நடுவில் எண்ணெய் ஊறிய நார். ஒரு புரி ரோப்பை ஒரு முழுச் சுற்று சுற்றி வருகிற தூரத்துக்கு ஒரு முறுக்கு நீளம் என்று பெயர். ஓடுகிற ரோப்பில் ஒரு முறுக்கு நீளத்துக்குள் அங்கங்கே 6 கம்பி அறுந்திருந்தாலோ, ஒரே புரியில் 3 அறுந்திருந்தாலோ அதைக் கழித்துவிட வேண்டும் என்பது அமெரிக்கக் கிரேன் விதி. 12 மில்லிமீட்டர் ரோப்பில் ஒரு முறுக்கு நீளம் ஏழரை, எட்டு சென்டிமீட்டர் வரும்.

மதினிக்குச் சென்டிமீட்டர் வேண்டாம். ரோப்பின் மேல் விரல்களை அடுக்கிப் பார்த்தார். "நாலு விரக்கடை" என்றார். எட்டு சென்டிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. அதன் பிறகு அவருக்கு ஆங்கிலக் கையேடும் தேவைப்படவில்லை, நானும் தேவைப்படவில்லை. கோடுகள் நெருங்கிய இடத்தில் நாலு விரலை வைத்து, அதற்குள் எண்ணினார். ஏழு.

இயற்பியல் துறைத் தோழியிடம் ஒரு வெர்னியர் காலிப்பரை இரவல் வாங்கிப் போயிருந்தேன். ரோப்பை அளக்கும்போது ஒரு புரியின் மேட்டிலிருந்து எதிர்ப் புரியின் மேட்டுக்கு அளக்க வேண்டும், பள்ளத்தில் வைத்து அளந்தால் கணக்குத் தப்பும். வாங்கும்போது 12 மில்லிமீட்டர் இருந்தது அந்த இடத்தில் 11க்கும் கீழே வந்திருந்தது. உள்ளே நார் நசிந்துபோனாலும், உள்கம்பிகள் துருப்பிடித்தாலும் துணிக்குத் தெரியாது, அளவுதான் காட்டிக்கொடுக்கும். ஆபரேட்டர் எதுவும் பேசாமல் எஞ்சினை அணைத்தார்.

இரும்பு ரோப்பு பிறந்த கதையும் இதோடு சம்பந்தப்பட்டதுதான். ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் அதுவரை சணல் வடமும் இரும்புச் சங்கிலியும் பயன்பட்டன. சணல் ஈரத்தில் இற்றுப்போகும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் அந்த நொடியில் எல்லாம் போயிற்று. அங்கே சுரங்க அதிகாரியாக இருந்த வில்ஹெல்ம் ஆல்பெர்ட் 1834இல் இரும்புக் கம்பிகளைக் கயிறு போலத் திரித்துப் பார்த்தார். 3 புரி, ஒவ்வொன்றிலும் 4 கம்பி. ஒரு கம்பி அறுந்தால் மற்றவை அதன் சுமையை வாங்கிக்கொள்ளும், அறுந்தது கண்ணுக்கும் தெரியும். கம்பி ரோப்பின் பெரிய பலம் இதுதான். அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கேட்பதற்கு ஆள் வேண்டும், கேட்டபின் பணம் செலவழிக்க மனமும் வேண்டும்.

புதிய ரோப்பு வாங்குவது என்று முடிவானதும் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். துறைமுகத்தில் கழித்த ரோப்பு எடைக்குக் கிடைக்கும், பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும், கால்வாசி விலை என்றார் ஒருவர். "அங்க ஏன் கழிச்சாகளாம்?" என்று மட்டும் மதினி கேட்டார். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கும் மூத்த மகன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். ஏதோ ஒரு வெளிநாட்டு ஏரிக்கரையில், காருக்குப் பின்னால் பூட்டிய டிரெய்லரில் படகை இழுத்து ஏற்றுகிறார்கள். வின்ச்சில் இரும்பு ரோப்பைக் கழற்றிவிட்டு நீலநிற செயற்கை இழைக் கயிற்றை மாட்டுகிறார்கள். எடை குறைவு, துருப்பிடிக்காது, கையைக் கிழிக்காது, அறுந்தாலும் இரும்பைப் போல வீச்சாக வந்து அடிக்காது. அவன் சொன்னது அத்தனையும் உண்மை. தண்ணீரிலிருந்து வழுவழுப்பான படகை ஏற்றுகிறவர்களுக்கு அது நல்ல தேர்வு. ஆனால் கூரான கல் விளிம்பில் உரசினால் அந்த இழை வெட்டுப்பட்டுவிடும். சூட்டுக்கும் ஆகாது, வெயிலிலும் நாளடைவில் நைந்துபோகும். எங்கள் கிணறு முழுக்க உடைத்த கல், மேட்டில் முழுக்க சித்திரை வெயில். "படகு வாங்கும்போது இத வாங்குவோம்யா" என்று மதினி மகனின் தலையைத் தடவினார்.

மதுரைக்கு நாங்கள் இருவருமாகப் பேருந்தில் போனோம். முதல் கடையில் இருந்தவர் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆம்பளையாள் யாரும் வரலையாம்மா?" என்றார்.

"வந்திருந்தா அவுகளுக்கு வேற ரோப்பு குடுப்பீகளாய்யா?" என்றார் மதினி.

அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் விலையை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் கண்ணாடி போட்டிருந்தேன், கைப்பை வைத்திருந்தேன். படித்தவள்போல இருப்பவளிடம் பேசுவதா, வாங்க வந்தவளிடம் பேசுவதா என்ற குழப்பம் அவருக்கு. பெண்களுக்குள்ளும் யார் பேச்சு எண்ணப்படும் என்பதைக் கடைக்காரர்கள் ஒரு பார்வையில் தீர்மானித்துவிடுகிறார்கள். நான் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன். அதன் பிறகு அவர் மதினியோடுதான் பேசியாக வேண்டியிருந்தது. எத்தனை டன்னில் அறும், அதற்குச் சோதனைச் சான்றிதழ் இருக்கிறதா என்று மதினி கேட்டார். சான்றிதழ் எல்லாம் யாரும் கேட்பதில்லை என்றார் அவர். மதினி கும்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

இரண்டாவது கடையில் சான்றிதழ் இருந்தது. இரண்டு வகை காட்டினார்கள். 6 புரியில் 19 கம்பி உள்ளது ஒன்று, 36 கம்பி உள்ளது ஒன்று. 36 கம்பி ரோப்பில் கம்பிகள் மெல்லியவை. அதனால் வளைந்து கொடுக்கும், சிறிய கப்பியிலும் சோர்ந்துபோகாது. ஆனால் மெல்லிய கம்பி உரசலில் சீக்கிரம் தேயும். 19 கம்பி ரோப்பில் கம்பி தடிமன், உரசலைத் தாங்கும், வளைவதற்குத்தான் மறுக்கும். கல்தூசி பறக்கும் இடத்துக்கு எது? மதினி 19 கம்பியைத் தேர்ந்தார். நடுவில் நாரா, இரும்பா என்ற கேள்வி அடுத்து வந்தது. இரும்பு நடு உள்ளது கொஞ்சம் கூடுதல் பலம், டிரம்மில் பல அடுக்காகச் சுற்றினாலும் நசுங்காது. எங்கள் டிரம்மில் ஓர் அடுக்குக்கு மேல் கொஞ்சம்தான் சுற்றும். நார் நடு எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்ளும், வளையவும் செய்யும். நார்தான் என்று முடிவானது. புதிய நிலையில் அது ஏறத்தாழ 8 டன் தாங்கும். தொட்டியும் கல்லும் சேர்ந்து அரை டன்னுக்கு மேல் போகும். சுரங்கங்களில் ஆட்களை ஏற்றி இறக்கும் ரோப்புக்கு, சுமையைப் போல 10 மடங்கு தாங்குதிறன் வேண்டும் என்பது நெடுநாளைய வழக்கம். முனையில் கிளிப் போடுகிற இடத்தில் ஐந்தில் ஒரு பங்கு பலம் குறைந்துவிடும். அதையும் கழித்து, 10 மடங்குக்குக் குறையாமல் வருகிறதா என்று மதினி என்னைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கச் சொன்னார். கணக்கு விளிம்பில் நின்றது. "அப்ப தொட்டிய கோபுரமா நிரப்பக் கூடாது" என்றார். கடைப் பையனுக்கு அது புரியவில்லை. நாளொன்றுக்கு ஏற்றும் தொட்டிகளின் எண்ணிக்கை கூடும், டீசல் கூடும், லாபம் குறையும் என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

பிறகு கப்பி பற்றிக் கேட்டார். இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. பழைய ரோப்பு ஒரே இடத்தில் ஏன் நைந்தது என்ற யோசனை அவருக்குள் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. பழைய கப்பியின் பள்ளம் தேய்ந்து ஒடுங்கியிருந்தது, ஓர் ஓரம் கத்திபோல ஆகியிருந்தது. அளவிலும் சிறியது. ரோப்பின் விட்டத்தைப் போல 18 மடங்காவது கப்பியின் விட்டம் இருக்க வேண்டும். 12 மில்லிமீட்டருக்கு அது 21, 22 சென்டிமீட்டர். எங்களுடையது அந்த அளவு இல்லை. அந்தக் கப்பியில் எத்தனை ரோப்பு மாற்றினாலும் அத்தனையும் அதே இடத்தில்தான் அறுந்திருக்கும். முந்தைய தடவை ரோப்பு மாற்றியவர்கள் ரோப்பின் தரத்தைத் திட்டிவிட்டுக் கப்பியை அப்படியே விட்டிருந்தார்கள். கையிருப்பு இரண்டுக்கும் போதாது. மதினி காதிலிருந்த தோட்டை அடுத்த வாரம் சாத்தூரில் அடகு வைத்தார்.

ரோப்பு மாட்டிய அன்று கிளிப் போடுவதில் ஒரு வாக்குவாதம் வந்தது. ரோப்பின் முனையை ஓர் இரும்பு வளையத்தின் மேல் மடக்கிக் கண்ணி ஆக்கி, குறைந்தது 3 கிளிப் போட்டு முடுக்க வேண்டும். கிளிப்பில் ஒரு பக்கம் அடிக்கட்டை, மறுபக்கம் வளைந்த கம்பி. அடிக்கட்டை சுமை தாங்கும் நீண்ட ரோப்பின் மேலும், வளைந்த கம்பி சும்மா நிற்கும் குட்டை முனையின் மேலும் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் வளைந்த கம்பி சுமை தாங்கும் ரோப்பை நசுக்கி அதன் பலத்தைக் குறைத்துவிடும். பார்வைக்கு அழகாக இருக்கிறதென்று ஒன்றை இப்படியும் ஒன்றை அப்படியும் மாற்றி மாற்றிப் போடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். மதினி அதைக் கழற்றச் சொன்னார். "செமக்கிறதுக்கு மெத்தை, சும்மா கெடக்கிறதுக்கு வளையம்" என்று அவராக ஒரு சொலவடை கட்டி ஆட்களிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நம்ம வீடுகள்ல இதுதான் தாயி தலகீழா இருக்கு" என்றார். கிணற்று மேடே சிரித்தது. டிரம்மில் எப்போதும் 3 சுற்றாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பதையும், முதல் சுமை ஏற்றி இறக்கியபின் நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும் என்பதையும் அவர் அன்றே பழக்கப்படுத்தினார். எஞ்சினில் கழித்த அழுக்கு எண்ணெயை ரோப்பில் ஊற்றும் வழக்கம் நின்றது. அதில் உள்ள பொடியும் அமிலமும் ரோப்பையே தின்றுவிடும்.

பெண்ணையும் குழியையும் பற்றிச் சட்டம் சொன்னவற்றை அன்று இரவு அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நிலத்தடிச் சுரங்கங்களில் பெண்கள் இறங்குவதைப் பிரிட்டிஷ் ஆட்சி தடைசெய்தது. போருக்கு நிலக்கரி தேவைப்பட்டதும் 1943இல் அந்தத் தடையை விலக்கியது. போர் முடிந்தபின் 1946இல் திரும்பக் கொண்டுவந்தது. சுதந்திர இந்தியாவின் 1952ஆம் வருடச் சுரங்கச் சட்டம் 46ஆம் பிரிவில் அதையே எழுதிவைத்தது. 2019இல்தான் தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாக வேலைகளுக்குப் பெண்கள் சுரங்கத்துக்குள் போகலாம் என்று நிபந்தனைகளோடு அனுமதி வந்தது. பாதுகாப்பு என்ற பெயரில் வந்த தடை, தேவை வந்தபோது காணாமல் போயிருக்கிறது. மதினி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நமக்கு எந்தச் சட்டம்?" என்றார். தண்ணீருக்கு வெட்டும் கிணறு சுரங்கக் கணக்கில் வராது. நான்கைந்து பேர் வேலை செய்யும் கிணற்று மேட்டுக்கு ரோப்பைச் சோதிக்க ஓர் அதிகாரி வந்து நான் பார்த்ததில்லை. துணி பிடித்துப் பார்க்கும் கைதான் அங்கே ஆய்வாளர்.

அந்தக் கையை யாரும் படிப்பு என்று சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியபோது, சட்டத்தில் ஒரு குச்சி விடுபட்டாலும் பார்க்காமலே விரலுக்குத் தெரிந்துவிடும் என்பார் மதினி. எங்கள் பகுதியில் தீப்பெட்டி, பட்டாசு என்று பெண்கள் விரலால் செய்யும் வேலைகளுக்குக் கணக்கே இல்லை. தாம்புக் கயிற்றை இழுத்துத் தண்ணீர் சேந்திய தலைமுறைகளும் பெண்கள்தான். எந்த நாரில் கை காய்க்கும், எந்தக் கயிறு நனைந்தால் கனக்கும், எந்தப் புரி அடுத்து விடும் என்பது அவர்கள் உள்ளங்கைக்குத் தெரியும். கயிற்றைச் சந்தையில் வாங்கியவர்கள் மட்டும் ஆண்கள்.

மதினியிடம் குழிக்குள் இறங்குகிற மூவர் தலித் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். அவர்கள் பாட்டன் காலத்தில், வெட்டி முடித்துத் தண்ணீர் கண்ட கிணற்றில் மறுநாள் முதல் அவர்கள் தாம்பு இறங்கக் கூடாது. 1927 மார்ச்சில் அம்பேத்கர் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்ததும், அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லி எழுதியதும் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். வெட்டுகிறவனின் உயிருக்குக் கிணற்றுக்குள் இடம் உண்டு, அவன் மனைவியின் குடத்துக்கு இடமில்லை என்று இருந்த ஊர்கள் இவை. அப்படியான ஊரில், அந்த உயிர் தொங்கும் ரோப்பில் கால்வாசி விலைக்குக் கிடைப்பது போதும் என்று நினைக்க நிறையப் பேருக்குக் கஷ்டமே இருந்ததில்லை. மதினி வேறு சாதி, முதலாளி வேறு. அவருக்கும் மிச்சம் பிடிக்கும் ஆசை வராமலில்லை. தோட்டை அடகு வைத்துவிட்டு வந்த அன்று, "கப்பியவாவது அடுத்த வருசம் மாத்திருக்கலாமோ" என்று ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டு, அந்த மூன்று பேரின் வீட்டுப் பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அதற்கு மேல் அந்தப் பேச்சு நடக்கவில்லை.

கழற்றிப் போட்ட பழைய ரோப்புக்கு ஊரில் கிராக்கி இருந்தது. டிராக்டர் இழுக்கக் கொடுங்கள் என்றார் ஒருவர். கோயில் கொடையில் பிள்ளைகள் ஆடும் ஊஞ்சலுக்கு என்றார் இன்னொருவர். இன்னொரு கிரேன்காரர் நல்ல விலையே சொன்னார். மதினி ஒரு வெல்டரைக் கூப்பிட்டு அதை முழ நீளத் துண்டுகளாக வெட்டச் சொன்னார். துண்டு போட்ட இரும்பு பழைய இரும்புக் கடையில் கிலோக் கணக்கில்தான் போகும். வெட்டுக்கூலி போக ஒன்றும் மிஞ்சவில்லை. வெட்டாமல் விட்டால் யாராவது ஒருவர் அதில் மறுபடி தொட்டியைக் கட்டுவார் என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு நோட்டில் நான் கட்டம் போட்டுக் கொடுத்தேன். தேதி, எந்த இடத்தில், அறுந்த கம்பி எத்தனை, அளவு, எண்ணெய் போட்டதா, பார்த்தவர். முதல் இரண்டு வாரம் 'பார்த்தவர்' கட்டத்தில் மதினியின் கையெழுத்து மட்டும் இருந்தது. மூன்றாவது சனிக்கிழமை, கூலி நாளன்று, குழிக்குள் இறங்குகிறவர்களில் இளையவரின் மனைவி கைக்குழந்தையோடு கிணற்று மேட்டுக்கு வந்தாள். கூலியை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள். என்ன என்று கேட்டதற்கு, ரோப்பைப் பார்க்கலாமா என்றாள். ஆண்கள் சங்கடப்பட்டார்கள். அவள் கணவனுக்கு வெட்கமாகிவிட்டது, வீட்டுக்குப் போ என்று அதட்டினான்.

மதினி குழந்தையைத் தன் இடுப்பில் வாங்கிக்கொண்டு, கையுறையையும் சேலைத் துணியையும் அவளிடம் கொடுத்தார். ஆபரேட்டர் டிரம்மை மெதுவாக இறக்கினார். அவள் துணிக்குள் ரோப்பை விட்டுக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி, குனிந்து பார்த்து, கல்தூசிதான் என்று துடைத்துவிட்டாள். எந்த இடம் முதலில் நையும் என்று கேட்டாள். மதினி காட்டினார். அவள் அங்கே நாலு விரலை வைத்து, உதடு அசைய, இரண்டு தரம் எண்ணினாள். "ஒண்ணும் அறலக்கா" என்றாள்.

அந்த நோட்டில் இப்போது நான்கு பெண்களின் கையெழுத்து இருக்கிறது. ஒருத்திக்கு எழுதத் தெரியாது. அவள் பெருவிரல் ரேகையில் கிரீஸ் படிந்திருக்கும்.